மாள்வாட்டின் கத்திரிக்காய் ராணி

மாள்வாட் சந்தையில் போய் ராணிசாகேப் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தரும் அரண்மனைப் பக்கம் கை காட்ட மாட்டார்கள். கத்திரிக்காய் வரிசையைத்தான் காட்டுவார்கள். அங்கே கோணியை விரித்து, ஒன்பது கஜம் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டி, நெற்றியில் அகலமாகக் குங்குமம் இட்டு, இரண்டு கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையலோடு ஹௌசாபாய் உட்கார்ந்திருப்பாள். வந்தவன் காயை அமுக்கிப் பார்த்தால் புறங்கையில் பட்டென்று ஒரு அடி விழும்.

"என்னய்யா, காய் வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா? நாடி புடிச்சுப் பாக்குற!"

அடி வாங்கினவன் "தப்புதான் ராணிசாகேப்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவள் பொறுக்கிக் கொடுத்ததை வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு போவான். ஊர் வழக்கம் அப்படி.

நிஜ அரண்மனையும் இருக்கத்தான் செய்கிறது. கிருஷ்ணை ஆறு வளைகிற மேட்டில், பாதி ஓடு சரிந்து நிற்கிறது. அதற்கு அந்த ஊரில் 'வாடா' என்று பேர். நம் காதுக்கு யாரையோ அதட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், ஆனால் கூப்பிட்டால் வர உள்ளே ஆள் கிடையாது. சர்கார் குடும்பம் எப்போதோ பூனாவுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது வௌவால்களும், ஊர் 'காரபாரி' என்று கூப்பிடுகிற காரியஸ்தர் வாமன்ராவ் மிராஷியும்தான். சமஸ்தானம் போய் எத்தனையோ காலமாகியும் காரியஸ்தர் போகவில்லை. தினமும் கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, யாருமில்லாத தர்பாரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரை மட்டும் சொல்வானேன்! ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த கிறுக்கு அந்த ஊரில் ஒருத்தனுக்கும் இறங்கவில்லை. அரண்மனைக் குதிரைக்குப் புல் வெட்டிப் போட்டவனுடைய பேரன் கூட "நாங்க சர்கார் சேவையில இருந்தவங்க" என்றுதான் பெண் கேட்கப் போவான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு கத்திரிக்காய்க்காரி ராணியானாள் என்றால் சும்மாவா? அதற்கும் காரணம் அந்த ஆறுதான்.

மழைக்காலத்தில் கிருஷ்ணை நிறைமாதக்காரி மாதிரி ஏறி வருவாள். அவளை ஊர்க்காரர்கள் மாயி என்றுதான் சொல்வார்கள், தாய் என்று அர்த்தம். ஏறி வருகிறவளுக்கு மடி நிரப்ப வேண்டும். முறத்தில் பச்சைச் சேலை, ரவிக்கைத் துணி, தேங்காய், அரிசி, மஞ்சள், குங்குமம், பச்சை வளையல் எல்லாம் வைத்து, "போதும் தாயே, நெறஞ்ச மடியோட திரும்பிப் போ" என்று தண்ணீரில் விட வேண்டும். படித்துறையில் கல் யானை ஒன்று உண்டு. அதன் தும்பிக்கை முழுகினால் "யானை நனைஞ்சாச்சு!" என்று கத்திக்கொண்டு ஊரே ஓடி வரும். முதல் முறம் ராணி கையால் போக வேண்டும். பிறகுதான் மற்றப் பெண்கள். அந்த ராணியும் சுமங்கலியாக இருக்க வேண்டும். புருஷன் போன ராணி மாடத்தில் நின்று பார்க்கலாம், படியில் இறங்கக் கூடாது.

ஒரு வருஷம் யானை நனைந்துவிட்டது, மடி நிரப்ப மட்டும் வந்துபோகிற ராணி வரவில்லை. மிராஷி கையில் முறத்தை வைத்துக்கொண்டு பூனாவிலிருந்து கார் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ரோடே தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் கடைத்தெருவுக்குள் நுழைந்து பால்கார தோண்டீராமின் பாசுந்திச் சட்டியை மிதக்க விட்டது. அப்போதும் மனுஷன் அசையவில்லை. ஆற்றோரத் தோட்டத்திலிருந்து தலையில் கூடையோடு நனைந்துகொண்டு வந்த ஹௌசாபாய் இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"மாயி வாசப்படியில வந்து நிக்கிறா, நீங்க கார் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா? அவ உள்ள வந்து, பாயப் போட்டுப் படுத்து, பாக்ரி ரொட்டி சுட்டுக் குடுன்னு கேட்ட பொறவுதான் மடி நெரப்புவீங்களோ?"

கேட்டவள் முறத்தைப் பிடுங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி விட்டுவிட்டாள். தன் பங்குக்கு ஒன்றுமில்லையே என்று கூடையிலிருந்து இரண்டு கத்திரிக்காயையும் எடுத்துப் போட்டு, "சாயங்காலம் வதக்கிச் சாப்புடு தாயே" என்றாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிந்தது. மேலே அணைக்காரன் கதவை மூடிவிட்டான் என்று படித்தவர்கள் சொன்னார்கள். சொல்லட்டுமே, ஊர் கேட்கவில்லை. மறுநாள் சந்தையில் யாரோ கேலியாக "வாங்க ராணிசாகேப்" என்றான். ஹௌசாபாய் கேலியைக் கழித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து வருஷா வருஷம் முதல் முறம் அவளுடையது. மிராஷிக்கு அது தொண்டையில் முள்.

இனி அவள் புருஷன் கதைக்கு வருவோம். கொண்டிபா கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவன். சிவப்புக் கோட்டு போட்டால் ராஜா மாதிரி இருப்பான், கழற்றினால் சோம்பேறி. கத்திரிக்காய்க்காரி வீட்டில் விற்காத கத்திரிக்காயைத்தானே சமைக்க முடியும்? காலையில் கத்திரிக்காய், ராத்திரி கத்திரிக்காய். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "கத்திரிக்காயே மொளைக்காத ஊருக்குப் போறேண்டி" என்று கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். சூரத்தில் ஒரு பேண்டில் சேர்ந்தான் என்று தகவல் வந்தது. ஆள் வரவில்லை. கத்திரிக்காய்க்குப் பயந்து புருஷன் ஓடிய ஒரே பொம்பளை என்று ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் ரெண்டு நாள் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒரு தை மாதத்தில், அவள் படித்துறையில் காய் கழுவிக்கொண்டிருந்தபோது, பெரிய ட்ரம் அடிக்கிற ஒருவன் சூரத்திலிருந்து வந்து நின்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஊர்வலத்தில் ஊதிக்கொண்டே போனபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கொண்டிபா எழுந்திருக்கவில்லை, எரித்தும் ஆயிற்று என்று சொன்னான். ஹௌசாபாய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் அடுக்கினாள். "இத யார்கிட்டயும் சொல்லாத, போய்டு" என்றாள்.

அவள் கணக்கு சுலபமானது. அழுதால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் வளையலை உடைத்துக் குங்குமத்தை அழிப்பார்கள். அழித்தால் மடி நிரப்புகிற கை போச்சு. அது போனால் அவள் யார்? மறுபடியும் வெறும் கத்திரிக்காய்க்காரி, அதுவும் புருஷன் ஓடிப்போனவள். வாழ்க்கையில் அவளுக்கென்று கிடைத்தது அந்த ஒரு முறம்தான். அதைச் செத்தவனுக்காக விட்டுக்கொடுக்க முடியாது, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் செத்தவனுக்காக! அன்றைக்கே நேராக வளையல்கார தஸ்தகீர் சாச்சாவிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"புதுசு போடு சாச்சா. நல்ல பச்சையா."

சாச்சா பெட்டியைத் திறந்தார். அவள் விரல்களை மெதுவாகப் பிடித்து அமுக்கி, ஒவ்வொரு வளையலாக ஏற்றிவிட்டார். கடைசியில், "மாப்ள எப்படி இருக்காரு?" என்றார்.

"அவருக்கென்ன, நல்லா இருக்காரு."

இப்படித்தான் கொண்டிபா செத்த பிறகு நன்றாக வாழ ஆரம்பித்தான். உயிரோடு இருந்தபோது பேண்டில் மூன்றாம் வரிசையில் ஊதினவனை ஹௌசாபாய் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தாள். அடுத்த வருஷம் பேண்ட் மாஸ்டராக்கினாள். வசதி வந்ததும் சர்க்கரை வியாதியும் கொடுத்தாள். சந்தையில் கேட்பார்கள், சொல்வாள். பால்கார தோண்டீராம் தினமும் கேட்பான்.

"கொண்டிபாவுக்கு சர்க்கரை எறங்குச்சாக்கா?"

"எங்க எறங்குது! சூரத்காரன் பருப்புல கூட சக்கரை போடுறானே."

"வெந்தயத்த ஊறவச்சுக் குடிக்கச் சொல்லு."

"சொன்னா கேக்குற ஜென்மமா அது?"

போனில் பேச வைக்கச் சொன்னால், ஊதி ஊதி அவருக்குக் காது மந்தம் என்பாள். பொய் பழகப் பழக அவளுக்கே ருசித்துவிட்டது. ஒரு தீபாவளிக்கு அவன் வரவில்லை என்று நிஜமாகவே கோபம் வந்து, வாசலில் நின்று தெருவே கேட்கத் திட்டினாள். ஒரே ஒருத்தியைக் கண்டால்தான் அவளுக்கு உள்ளூரப் பயம். எதிர்வரிசைத் தேங்காய்க்காரி தானுபாய். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள், நெற்றியில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து, மடி நிரப்புகிற அத்தனை பேருக்கும் தேங்காய் எடுத்துக் கொடுப்பாள். வாய் மட்டும் அரிவாள். ரெண்டு பேருக்கும் இடையில் நிழல் சண்டை, தண்ணிச் சண்டை, தராசுச் சண்டை. சண்டை இல்லாத நாளில் சந்தைக்கே களை இருக்காது.

இந்த ஆவணியில்தான் வினை வந்தது. வாடாவை ரிப்பேர் பண்ணி ஓட்டலாக்கப் போகிறார்களாம். பூனாவிலிருந்து சின்ன சர்காரும் அவர் சம்சாரம் மிருணாளினிராஜேவும் வருகிறார்களாம். ராணி மடி நிரப்புவதைப் படம் பிடித்துக் காட்டினால் ஓட்டலுக்குக் கூட்டம் அள்ளுமாம். மிராஷி கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு சந்தைக்கே வந்துவிட்டார்.

"ஹௌசாபாய், இந்த வருஷம் முதல் முறம் ராணிசாகேப் கையால போகும்."

"அது தெரிஞ்சதுதானே காரபாரி. நான் எங்கயும் போகலியே."

சந்தை சிரித்தது. மிராஷி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கு. சுமங்கலி கைதான் முதல்ல. உன் புருஷன் எங்க? ஒருத்தனும் பார்த்ததில்லை. யானை நனையுற அன்னிக்கு, படித்துறையில, ஊர் முன்னாடி கேட்பேன். பதில் வச்சிரு."

ஹௌசாபாய் தராசில் கத்திரிக்காயை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். தராசு முள் ஆடிக்கொண்டே இருந்தது. "பாத்துக்கலாம் போங்க" என்று அனுப்பிவிட்டாள். அந்த வாரம் முழுக்க யாரையும் அடிக்கவில்லை, காயை யார் அமுக்கினாலும் சும்மா இருந்தாள். எதிர்வரிசையிலிருந்து தானுபாய் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யானை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நனைந்தது. ஊரே படித்துறையில். மேலே பெரிய கார். பட்டுச் சேலையும் முத்து மாலையுமாக மிருணாளினிராஜே இறங்கி வந்தாள். நல்ல மாதிரிதான், பார்த்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னாள். பின்னால் கேமராக்காரன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். ஹௌசாபாயும் புதுப் பச்சைச் சேலையில் தன் முறத்தோடு நின்றாள். மிராஷி தொண்டையைச் செருமினார்.

"ஊர்க்காரங்களே, யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். ஹௌசாபாயோட புருஷன் உயிரோட இருக்கான்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சாட்சி சொல்லட்டும். முறம் அவளுக்கே."

ஹௌசாபாய் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் தண்ணீர் பட்ட பாடாகப் பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்கு ஒரு பொய் கூட வரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று முறத்தைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"நான் பாத்தேனே!" என்றான் தோண்டீராம்.

எல்லாரும் திரும்பினார்கள். தோண்டீராம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தான்.

"போன மாசம் சூரத்துக்கு எரும வாங்கப் போனேன்ல? அங்கதான் பாத்தேன். தொந்தி போட்டு இத்தாம்பெருசா ஆயிட்டான். பாசுந்தி கொண்டு போயிருந்தேன், குடுத்தேன். சக்கரை இருக்கு, வேண்டாம்னு கண்ணுல தண்ணி விட்டான்."

"எந்த தேதி?" என்றார் மிராஷி.

"எரும வாங்குனவனுக்கு தேதி எதுக்கு? எரும நெனப்பு இருக்கு. கொம்பு இப்படி வளைஞ்சிருக்கும், கூட்டிக்கிட்டு வந்து காட்டவா?"

அதற்குள் பஸ் கண்டக்டர் ஒருவன் கூட்டத்திலிருந்து கத்தினான். "போன மாசம் கோலாப்பூர் ஸ்டாண்டுல நம்ம வண்டியில ஏறுனாரே! டிக்கெட் எடுக்காம, நான் ராணிசாகேபோட புருஷன்னு சொன்னாரு. ஒல்லியா, குச்சி மாதிரி இருந்தாரு."

"தொந்தின்னு ஒருத்தன் சொல்றான், குச்சின்னு ஒருத்தன் சொல்றான்!" மிராஷி கையைத் தட்டினார். "எதுய்யா நிஜம்?"

"சர்க்கரை வியாதி அப்படித்தான் ஐயா" என்றார் தஸ்தகீர் சாச்சா, ரொம்பப் பணிவாக. "காலையில ஊதும், சாயங்காலம் வத்தும். என் மச்சானுக்கும் இதே கேஸ்."

படித்துறை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. மிராஷிக்கு முகம் சிவந்தது. பார்த்தார். சந்தையில் ஹௌசாபாயின் ஜென்மப் பகை யார் என்று ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? "தானுபாய்! நீ சொல்லு. உன் வாய்ல பொய் வராது. மாயி முன்னாடி சொல்லு, கொண்டிபா இருக்கானா?"

சிரிப்பு நின்றது. தானுபாய் தேங்காய்க் கூடையைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஹௌசாபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்காரு" என்றாள் தானுபாய். "எனக்கு அப்பப்ப போன் பண்ணுவாரு."

"உனக்கா? உனக்கு எதுக்குப் போன் பண்றான்?"

"நான் அவருக்கு என்னிக்குமே கத்திரிக்காய் ஆக்கிப் போட்டதில்லையே, அதான்."

படித்துறை வெடித்தது. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். கேமராக்காரன் குடையை விட்டுவிட்டான், அது ஆற்றோடு போனது. சொந்தப் பேரைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தானுபாய் நிமிர்ந்து நின்றாள். விதவைப் பொம்பளைக்கு அடுத்தவள் புருஷன் போன் பண்ணுகிறான் என்றால் அந்த ஊர் எத்தனை வருஷம் பேசும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மிருணாளினிராஜே இதுவரைக்கும் சேறாய்ப் புரண்டு வரும் தண்ணீரையும் பாசி பிடித்த படியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தண்ணீர்ப் பாம்பு யானையின் முதுகில் ஏறி அவளையே பார்த்தது. "காரபாரி, போதும்" என்றாள். "என் புருஷனும் உயிரோடதான் இருக்கார். ஆனா கார் கதவைத் திறக்கவே பயப்படுறார். அவங்களே இறங்கட்டும்." தன் முறத்தையும் ஹௌசாபாயிடமே கொடுத்துவிட்டாள். ஹௌசாபாய் இரண்டு முறத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். என்ன மந்திரம் சொன்னாள், என்ன வேண்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

மறுநாள் காலை சந்தை கூடியதும் அவள் கோணியை விரிக்கவில்லை. நேராக எதிர்வரிசைக்குப் போய்த் தானுபாய் முன்னால் உட்கார்ந்தாள். ராத்திரி பூரா தூங்காத முகம். அந்தப் பொய்களை எல்லாம் கேட்டதிலிருந்து அவளுக்குள் ஒரு ஆசை முளைத்துவிட்டது, பாவம். ட்ரம்காரன் ஆள் மாறிச் சொல்லியிருந்தால்? தொந்தியோ குச்சியோ, எங்கேயாவது இருந்தால்?

"அடியே, ஒண்ணு கேக்கறேன். சண்டை போட மாட்டேன்" என்றாள். "நெசமாவே போன் பண்ணுனாரா?"

தானுபாய் தேங்காய் நாரை உரிப்பதை நிறுத்தினாள். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினாள்.

"இல்லக்கா. எப்படிப் பண்ணுவாரு? அந்த ட்ரம்காரன் சந்தையில வந்து உன் வீட்டுக்கு வழி எங்கிட்டதான் கேட்டான். மூஞ்சியப் பாத்ததும் புரிஞ்சுது. எளநி வெட்டிக் குடுத்து விசாரிச்சேன். ஒனக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. படித்துறையில இருக்கா, நீயே போய்ச் சொல்லுன்னு அனுப்பிட்டேன்."

"அப்ப ஒனக்கு..."

"எனக்கு, தோண்டீராமுக்கு, சாச்சாவுக்கு, சந்தைக்கே தெரியும். நீ வளையல் போட்டுக்கிட்டு வந்து, நல்லா இருக்காருன்னு சொன்ன பாரு. அப்பறம் யாருக்கு என்ன சொல்லத் தோணும்?"

ஹௌசாபாய் எழுந்தாள். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

"அடப் பாவிங்களா! ஊரு பூரா சேந்து என்ன முட்டாளாக்குனீங்களா? எம் புருசன பேண்ட் மாஸ்டராக்குனேன், சர்க்கரை வரவச்சேன், பல்வலி குடுத்தேன். எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டீங்களா? தோண்டீராமு, வெந்தயமாடா வெந்தயம்? செத்தவனுக்கா வெந்தயம்?"

தோண்டீராம் பால் தூக்கோடு வந்து நின்றான். "நீ சொல்றப்ப நல்லா இருந்துச்சுக்கா. தெனம் கேட்டா, அவன் எங்கயோ இருக்குற மாதிரியே இருந்துச்சு. எனக்கும் கூட்டாளிதானேக்கா அவன்."

"சாச்சா! அவருக்குப் பல்வலின்னு சொன்னப்ப கிராம்புத் தைலம் குடுத்தியே, அது?"

"ஒங் கன்னந்தானே தாயி வீங்கி இருந்துச்சு" என்றார் சாச்சா. "ஒனக்குன்னு குடுத்தா வாங்கியிருப்பியா?"

அவளுக்குத் திடீரென்று வேறொன்று உறைத்தது. நெற்றியில் கை வைத்தாள். "அப்ப இத்தன வருஷமும் ஒரு தாலியில்லாதவ கையாலயா மாயிக்கு மடி நெரப்ப விட்டீங்க? நாந்தான் திருட்டுத்தனம் பண்ணுனேன், ஒங்களுக்கு எங்கடா போச்சு புத்தி?" பக்கத்திலிருந்த கல்லில் கையை ஓங்கினாள், வளையல்களை ஒரே அடியில் உடைத்துவிட. தானுபாய் பாய்ந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடுடி!"

"விடமாட்டேன். மாயிக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற? ட்ரம்காரன் படித்துறையில நின்னுதானே சொன்னான்? அவ காதுல விழாமயா ஒங் காதுல விழுந்துச்சு? ஒரு தடவையாச்சும் ஒன் மொறத்த வேண்டாம்னு கரையில தள்ளுனாளா, சொல்லு! நானும் வருஷா வருஷம் பொட்டில்லாம ஒக்காந்து அவளுக்குத் தேங்கா பொறுக்கிக் குடுக்குறேன். எங் கையால ஒரு தடவ விட மாட்டோமான்னு வயிறு எரியும். நீ எறங்குறப்ப மட்டும் நானும் எறங்குற மாதிரி இருக்கும். அதையும் ஒடைக்கப் போறியா?"

ஹௌசாபாய் கையை இழுக்கவில்லை. காய் வாங்க வந்தவர்கள் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

"நான் அந்த மனுசனுக்காக ஒரு சொட்டு அழுததில்ல" என்றாள், யாருக்கோ சொல்வது போல. "சந்தையில அழுதா நீங்க கண்டுபுடிச்சிருவீங்க. வீட்ல அழுதா பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டுரும். வாயில துணிய அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். கத்திரிக்காய்க்குப் பயந்து ஓடுனவன்தான். ஆனா எம் புருசன்டா."

பிறகு அவள் முக்காட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து, சந்தையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"கடைய மூடுங்க எல்லாரும். மூடுங்கன்றேன்ல! ஒக்காருங்க. இப்ப அழணும். நான் மட்டும் இல்ல, பொய் சொன்ன ஒவ்வொருத்தனும் அழணும். இது ராணி உத்தரவு."

தோண்டீராம்தான் முதலில் பால் தூக்கை வைத்துவிட்டுச் சம்மணம் போட்டான். சாச்சா வளையல் பெட்டியை மூடி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மிளகாய்க்காரி, வெங்காயக்காரன், யாரென்றே தெரியாத அசலூர்க்காரன் ஒருவன், எல்லாரும் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தானுபாய்தான் மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ கொண்டிபா!" என்று ஒரு ஓலம் வைத்தாள். சந்தையின் தகரக் கூரையே அதிர்ந்தது.

ஹௌசாபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அடியே, என்னைவிடச் சத்தமா நீ எதுக்குடி அழுவுற? உண்மையச் சொல்லு, போன் பண்ணுனாரா?"

கேட்டுவிட்டு, அவள் தோளிலேயே விழுந்து, ஊர் பூராக் கேட்கிற மாதிரி, வாயில் துணி இல்லாமல் அழுதாள்.